மார்லீன் எதிர்த்துப் போட்ட ஓட்டு

மார்லீன் டுகெட்டுக்கு விட்கம் என்ற சிற்றூரில் இரண்டு வேலை. காலையும் மாலையும் நான்காம் நம்பர் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுவது ஒன்று. ஊரின் மரக் காவலர் என்பது மற்றொன்று. இரண்டாவது வேலைக்குக் கூலி என்று பார்த்தால் வருஷம் முழுக்க வசவுதான். சாலையோரத்து மரம் காய்ந்து மின்கம்பிப் பக்கம் சாய்ந்தால் "ஏன் இன்னும் வெட்டல?" என்று ஒருவர் ஃபோன் செய்வார். வெட்டினால் "ஏன் வெட்டின?" என்று எதிர்வீட்டுக்காரர் ஃபோன் செய்வார். பத்தொன்பது வருஷமாக இரண்டு பேருக்கும் அவர் பதில் சொல்லியிருக்கிறார். பஸ் ஓட்டும்போது வராத ஃபோனெல்லாம் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வரும்.

நான் டவுன் ஹாலில் ஊர் எழுத்தருக்கு உதவியாளன். விட்கம் எனக்குச் சொந்த ஊர் இல்லை. இருபது மைல் மேலே, மலைக்கிராமத்தில் எங்களுக்கு மாட்டுப் பண்ணை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். ஊர்த் திட்டமிடலில் பட்டம். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மார்லீனிடம் அதை நான்கு தடவை சொல்லியிருக்கிறேனாம். அவர்தான் எண்ணினார். அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஏய் காலேஜு, அந்த மனை வரைபடத்தை எடு."

அவர் அடிக்கடி எடுக்கச் சொன்னது ஃபென்னர் சாலையின் வரைபடம். சாலை மேட்டில் ஏறும் இடத்தில் ஒரு கல்வேலி. வேலிக்கு உள்ளே வரிசையாக ஒன்பது சர்க்கரை மேப்பிள் மரங்கள். மரங்களுக்குக் கீழே சரிவு. சரிவின் அடியில் மார்லீனின் வீடு. பனி உருகும்போதும் கோடை மழையிலும் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரை அந்த ஒன்பதும்தான் குடித்து நிறுத்தின. ஊரின் மறுபக்கத்தில், பெல் தெருவில் ஒருவர் வீடு கட்ட மேட்டை மொட்டையடித்த வருஷம், கீழே இருந்த நான்கு வீட்டு நிலவறைகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மார்லீன் அதைப் பார்த்தவர்.

சாலைக்குச் சேர்ந்த நிலத்தில் ஒரு மரம் நின்றால் அது மரக் காவலர் பொறுப்பு. பொது விசாரணை நடத்தாமல் யாரும் கிளையைக்கூடத் தொட முடியாது. இந்த ஒன்பதும் கல்வேலிக்கு ஆறடி உள்ளே நின்றன. அதனால் தனியார் சொத்து.

"ஆறடி," என்பார் மார்லீன், நாடாவை வரைபடத்தின் மேல் போட்டுவிட்டு. "எவனோ ஒருத்தன் நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி நடும்போது ஆறடி தள்ளி நட்டிருக்கான். சோம்பேறி. இந்தப் பக்கம் வந்து நட்டிருந்தா இன்னிக்கு நான் நிம்மதியா தூங்குவேன்."

அதற்காகத்தான் ஊரின் நிலப் பயன்பாட்டு விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவர மூன்று வருஷம் அலைந்தார். புது வீடு கட்டவோ இருப்பதை இடித்துக் கட்டவோ போகிறவர், மனையில் பதினாறு அங்குலத்துக்கு மேல் குறுக்களவு உள்ள மரத்தை வெட்டுவதென்றால் மரக் காவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். அவ்வளவுதான் திருத்தம். கேட்க எளிது. குழுவில் அதை உட்கார்ந்து கேட்டவனுக்குத்தான் தெரியும். மரத்தை எந்த உயரத்தில் அளப்பது என்பதற்கு மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. "நெஞ்சு உயரத்துல" என்று வரைவில் இருந்ததற்கு ஒருவர் எழுந்து, "யார் நெஞ்சு? என் நெஞ்சா, பெவர்லி நெஞ்சா?" என்று கேட்டார். தோட்டச் சங்கத்து பெவர்லி நான்கடி பத்தங்குலம். அவரும் விடவில்லை. "என் நெஞ்சுல அளந்தா மரம் குண்டாத் தெரியும், அதையே போடுங்க" என்றார். கடைசியில் நாலரை அடி என்று எழுத நவம்பர் ஆகிவிட்டது.

அடுத்து பனி உருகத் தொடங்கும்போது ஃபென்னர் மேட்டு நிலத்தை ரான் பெக்வித் வாங்கிவிட்டார். ரான் உள்ளூர்க்காரர்தான். பள்ளிக்கூடத்துப் பெண்களின் சாஃப்ட்பால் அணிக்குப் பயிற்சியாளர். பனிப்புயலில் கார் சிக்கினால் டிராக்டரோடு முதலில் வருகிறவர். வீடு கட்டுவது அவர் தொழில். மேட்டில் மூன்று வீடு, ஒன்பது மரமும் போக வேண்டும் என்று வரைபடம் போட்டுவிட்டார். அவர் உடனே வெட்டாததற்கு ஒரே காரணம் சகதிக் காலம். மார்ச், ஏப்ரலில் எங்கள் மண்சாலைகள் கூழாகிவிடும். கனரக லாரிகள் போகக் கூடாது என்று சாலைத் துறை பலகை மாட்டிவிடும். இந்த வருஷம் அந்தப் பலகையைக் கழற்றும் நாள் மே மாதத்து முதல் திங்கட்கிழமை என்று முடிவாகியிருந்தது. ஊரின் வருடாந்தரக் கூட்டம் அதற்கு முந்தின சனிக்கிழமை. திருத்தம் நிறைவேறினால் ஓட்டு விழுந்த நாளிலிருந்தே அது செல்லும். இரண்டு நாள் முந்திக்கொள்ளலாம். மார்லீன் மூன்று வருஷம் ஓடியது அந்த இரண்டு நாளுக்காகத்தான் என்று ஆகிவிட்டது.

ஒரு சிக்கல். நிலப் பயன்பாட்டு விதியை மாற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தோற்றால் இரண்டு வருஷத்துக்கு அதே திருத்தத்தைக் கொண்டுவர முடியாது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் மார்லீன் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பஸ் சாவி கழுத்தில் தொங்கியது.

"காலேஜு, உண்மையைச் சொல்லு. தோத்துட்டா வேற வழியே கிடையாதா?"

எனக்கு வழி தெரிந்திருந்தது. கூட்ட நடைமுறைப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தவன் நான். அலுவலகத்தில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்குப் பெருமை.

"ஒரு வழி இருக்கு. தோத்த அன்னிக்கே, கூட்டம் முடியறதுக்குள்ள, மறுபரிசீலனை கேக்கலாம், அதாவது மறுபடி ஓட்டெடுப்பு. ஆனா ஜெயிச்ச பக்கத்துல ஓட்டுப் போட்டவங்கதான் அதைக் கேக்க முடியும்."

"ஜெயிச்சவன் எதுக்குக் கேப்பான்?"

"அதுதான் விஷயம். தோக்கப் போறோம்னு தெரிஞ்சா நம்ம ஆள் ஒருத்தர் எதிர்ப்பக்கம் வாக்காளர் கார்டைத் தூக்கணும். அப்புறம் அவரே எழுந்து மறுபரிசீலனை கேக்கலாம். பெரிய ஊர்கள்ல இது பழக்கம்தான்."

மார்லீன் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினார்.

"இதுக்கா நாலு வருஷம் படிச்ச?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் மறக்கவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட உடற்பயிற்சி அரங்கில் கூட்டம் தொடங்கியது. அந்த வருஷத்தின் முதல் வெயில் நாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துப் பார்த்து எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். கூட்டத் தலைவர் எவரெட் கிம்பால், ஓய்வு பெற்ற மாட்டு வைத்தியர். பேசுகிறவர் நீட்டினால், கன்று ஈன நேரமாகிற பசுவைப் பார்ப்பது மாதிரி கடிகாரத்தைப் பார்ப்பார். விட்கமின் வாக்காளர் இல்லை என்பதால் நான் ஓரத்தில், ஓட்டு இல்லாதவர்களுக்கான நாற்காலியில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

மார்லீனின் திருத்தம் பதினேழாவது. அதற்கு முன் பனி தள்ளும் புது லாரி வாங்கும் தீர்மானத்துக்கு ஒரு மணி நேரம் போனது. வாங்கலாமா என்பதற்குப் பத்து நிமிஷம். ஆரஞ்சு நிறமா மஞ்சளா என்பதற்கு ஐம்பது நிமிஷம்.

மதியச் சாப்பாட்டை மார்லீன்தான் ஏற்பாடு செய்திருந்தார். சாப்பாடு இல்லாவிட்டால் பதினோரு மணிக்கே பாதி ஊர் வீட்டுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் தோட்டச் சங்கத்துப் பெண்களிடம் கேட்டு பீன்ஸ், பன்றி இறைச்சி சாண்ட்விச், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு எல்லாம் ஏற்பாடு. பெவர்லியும் இன்னும் ஆறு பேரும் பக்கத்துச் சமையலறையில் இருந்தார்கள். மார்லீனுக்கு ஊரில் உறுதியான ஏழு ஓட்டு இருந்ததென்றால் அவை அந்த ஏழுதான்.

பதினொன்றரைக்குப் பதினேழாவது தீர்மானம் வந்தது. மார்லீன் மைக் முன்னால் நின்று ஐந்து நிமிஷம் பேசினார். நன்றாகவே பேசினார். பெல் தெருவில் தண்ணீர் நின்ற கதையைச் சொன்னார். அடுத்து பால்பண்ணைக்காரர் ஹாங்க் ஸ்டீபின்ஸ் எழுந்தார்.

"மார்லீன் நல்லவதான். என் பேரப் பசங்களை அவ பஸ்ஸுலதான் அனுப்புறேன். ஆனா என் மகன் என் நிலத்துல ஒரு வீடு கட்டுறதுக்கு மரம் வெட்டணும்னா, பஸ் டிரைவர்கிட்ட போய் நிக்கணுமா? அதுவும் எந்த மரம்? அவ வீட்டுக்கு மேல இருக்குற மரம். இது ஊருக்குச் சட்டமா, அவ வீட்டுக்குக் குடையா?"

அரங்கு சிரித்தது. கைதட்டல் வேறு. எங்கள் அப்பா அங்கே இருந்திருந்தால் அவரும் தட்டியிருப்பார். எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள்.

எவரெட் சுத்தியலைத் தட்டி, முதலில் கண்ணால் பார்க்க வாக்காளர் கார்டைத் தூக்கச் சொன்னார். ஆதரவு. எதிர்ப்பு. அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

"மூணுல ரெண்டு பங்கான்னு கண்ணால சொல்ல முடியாது. எண்ணிடலாம். கதவைச் சாத்துங்க."

நான் மார்லீனைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அவருக்குப் பக்கத்திலிருந்த ஏழு நாற்காலிகள் காலி. ஒவ்வொரு நாற்காலியின் மேலும் இடம் பிடிக்க வைத்த ஒரு துணிப்பை. அவர் அதைப் பார்த்தார். திரும்பிப் பின் வரிசையில் இன்னும் இறக்காமல் இருந்த எதிர்ப்புக் கார்டுகளின் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மெல்லத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்று வரை நான் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை.

எண்ணிக்கை தொடங்கியது. ஆதரவுக்கு எண்ணும்போது மார்லீனின் கார்டு மடியில் இருந்தது. எதிர்ப்புக்கு எண்ணும்போது அவர் அதை மேலே தூக்கினார். எண்ணிக்கொண்டு வந்த பெண் ஒரு நொடி நின்று, அவர் முகத்தைப் பார்த்து, எண்ணிவிட்டுப் போனாள்.

எவரெட் காகிதத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"ஆதரவு, தொண்ணூத்தொம்பது. எதிர்ப்பு, அம்பது. மொத்தம் நூத்தி நாப்பத்தொம்பது. மூணுல ரெண்டு பங்குன்னா நூறு வேணும். ஒரு ஓட்டுல தோத்துப் போச்சு."

அப்போதுதான் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெவர்லி. சமையல் ஏப்ரனோடு, கை ஈரத்தோடு, சுவரோரமாக நின்றிருந்தார். அவர் பக்கத்தில் மற்ற ஆறு பேரும். கதவு சாத்துவதற்கு முன் ஓடி வந்து, நாற்காலிக்குப் போக நேரமில்லாமல் அங்கேயே நின்று ஆதரவாகக் கார்டு தூக்கியிருக்கிறார்கள். ஏழும் எண்ணப்பட்டிருக்கின்றன.

மார்லீன் ஆதரவாகத் தூக்கியிருந்தால் நூறு, நாற்பத்தொன்பது. சட்டம் அங்கேயே நிறைவேறியிருக்கும். அவர் உதடு அசைந்து கணக்குப் போடுவதை நான் பார்த்தேன். நான் ஏற்கெனவே போட்டு முடித்திருந்தேன்.

அவர் எழுந்தார்.

"எவரெட், மறுபரிசீலனை கேக்கிறேன்."

"நீ எந்தப் பக்கம் ஓட்டுப் போட்ட, மார்லீன்? நான் கேட்டுத்தான் ஆகணும்."

"எதிர்ப்புல."

பின் வரிசையில் ஒருவன் "என்னது!" என்றான். அரங்கே சிரிப்பில் வெடித்தது. கணக்குப் புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. பெவர்லி மட்டும் சிரிக்கவில்லை. வாயில் ஏப்ரனை வைத்துக்கொண்டிருந்தார்.

எவரெட் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு.

"சரியான கோரிக்கைதான். சாப்பிட்டுட்டு வாங்க. ஒன்றரைக்கு முதல் வேலையா எடுக்கறேன்."

"இப்பவே எடுங்களேன், எவரெட். அஞ்சு நிமிஷம்."

"பன்னெண்டு மணிக்குச் சாப்பாடுன்னு அறிவிப்புல போட்டிருக்கு, மார்லீன். நீதான் போடச் சொன்ன."

சாப்பாட்டு வரிசையில் அவரை யாரும் விடவில்லை. "மார்லீன், பீன்ஸ் வேணுமா? வேணாம்னு சொல்லிட்டு அப்புறம் கேப்பியா?" என்றார் ஒருவர். மார்லீன் தட்டைக்கூட எடுக்கவில்லை. கதவருகே போய் நின்று வெளியே போகிற ஒவ்வொருவரையும் பிடித்தார்.

"ஒன்றரைக்கு வந்துடு, சரியா? ஒரே ஒரு ஓட்டு."

"வந்துடறேன், மார்லீன். தக்காளி நாத்தை மட்டும் நட்டுட்டு..."

முப்பது பேருக்கு மேல் அப்படிப் போனார்கள். ஐந்து மாதம் பனியில் கிடந்தவர்கள், முதல் வெயில், வயிற்றில் பீன்ஸும் இனிப்பும். அந்தச் சாப்பாடுதான் அவர்களைப் பன்னிரண்டு வரை பிடித்து வைத்திருந்தது. அதற்குப் பிறகு பிடித்து வைக்க ஒன்றுமில்லை. நான் வாசலுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் ஓடினேன். ஓட்டு இல்லாத ஒருவன் ஓட்டுப் போடச் சொல்லிக் கெஞ்சுவதை யார் கேட்பார்கள்?

ஒன்றரைக்கு எவரெட் சுத்தியலை எடுக்கும் முன்பே ஹாங்க் எழுந்துவிட்டார்.

"தலைவரே, ஆள் கணக்கு இருக்கான்னு எனக்குச் சந்தேகம்."

விட்கமில் நூற்றிருபத்தைந்து பேர் இல்லாவிட்டால் கூட்டம் எதையும் முடிவு செய்ய முடியாது. யாரும் கேட்காதவரை எண்ணத் தேவையில்லை. கேட்டால் எண்ணியே தீர வேண்டும். எண்ணினார்கள். நூற்றுப் பதினெட்டு.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒத்தி வைக்கிறேன்," என்றார் எவரெட். சொன்னவர் மார்லீன் பக்கம் பார்க்கவில்லை.

நடுவில் திங்கட்கிழமை இருந்தது.

மார்லீன் நேராக ரான் பெக்வித்திடம் போனார். அவர் தன் பிக்கப் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். நான் மார்லீனுக்கு இரண்டடி பின்னால்.

"ரான். ரெண்டு நாள். செவ்வாய் வரைக்கும் பொறு. அன்னிக்குத் தோத்தா நான் வாயே திறக்க மாட்டேன்."

"மார்லீன், ஆள் வெச்சாச்சு. கிரேன் வெச்சாச்சு. திங்கள் ஏழு மணிக்குப் பலகையைக் கழட்டுறாங்க."

"மழை வந்தா எங்க வீட்டுக்குள்ளதான் வரும்னு உனக்குத் தெரியும்."

"கீழ வடிகால் போட்டுத் தரேன்னு அப்பவே சொன்னேன்ல?"

"குழாய் எவ்வளவு தண்ணி குடிக்கும்? அந்த மரம் குடிக்கிற அளவுக்கா? பெல் தெருவுலயும் குழாய்தான் போட்டாங்க."

ரான் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மோசம்.

"நான் ஒரு கேள்வி கேக்கிறேன், தப்பா எடுத்துக்காத. உன் சட்டத்துக்கு நீயே எதிர்த்து ஓட்டுப் போட்ட. நான் மட்டும் ஏன் அதை மதிச்சு ரெண்டு நாள் நிக்கணும்?"

அதற்கு என்னிடம் புத்தகத்தின் பக்கம் எண்ணோடு பதில் இருந்தது. வாயைத் திறந்தேன். மார்லீன் திரும்பாமலே கையை உயர்த்தினார்.

"காலேஜு, நீ பேசாத."

திங்கட்கிழமை நடந்ததை எனக்குச் சொன்னது பஸ்ஸில் உதவியாக வரும் பெண். நான்காம் நம்பர் ஃபென்னர் சாலை வழியாகத்தான் போக வேண்டும். ஏழே காலுக்கு மேட்டில் கொடி பிடித்த ஆள் நிறுத்தச் சொன்னான். கிரேன் சாலையின் குறுக்கே நின்றது. திரும்பிப் போக இடமில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மார்லீன் பதினோரு நிமிஷம் அங்கே நிற்க வேண்டியதாயிற்று. இரண்டாவது மேப்பிள் விழுந்தபோது பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் ஓடி, "ஓ!" என்று கத்திக் கைதட்டினார்கள். பிள்ளைகள், அவ்வளவு பெரிய மரம் விழுந்தால் தட்டத்தான் செய்வார்கள். மார்லீன், "உக்காருங்க, பெல்ட்" என்று மட்டும் சொன்னாராம். அந்தக் குரலைக் கேட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்களாம்.

மாலை நாலரைக்கு, பிள்ளைகளை இறக்கிவிட்டு அதே வழியில் திரும்பியபோது ஒன்பது அடிக்கட்டைகள்தான் இருந்தன. மே மாதம், சாறு ஏறும் காலம் முழுதாக முடியவில்லை. வெட்டிய முகமெல்லாம் ஈரமாக இருந்ததாம்.

செவ்வாய்க்கிழமை அரங்கில் உட்கார இடமில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஃபென்னர் சாலைதான் ஊருக்குள் வரும் வழி. எல்லோரும் அந்த மேட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். மறுபரிசீலனை ஒரு நிமிஷத்தில் ஏற்கப்பட்டது. ஓட்டு நூற்று எழுபத்தொன்று, முப்பத்துநான்கு. மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. மக்கள் எழுந்து நின்று மார்லீனைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர் உட்கார்ந்தே இருந்தார்.

கூட்டம் முடிந்ததும் ஹாங்க் ஸ்டீபின்ஸ் வந்தார். தொப்பி கையில்.

"மார்லீன், நானும் ஆதரவாத்தான் போட்டேன். அந்த மேடு... பார்க்கவே சகிக்கல. ரான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"சனிக்கிழமை இந்தக் கை எங்க போயிருந்தது, ஹாங்க்?"

"அன்னிக்கு எனக்குத் தெரியலயே, இப்படி இருக்கும்னு."

"நான் சொன்னேனே. மைக்ல நின்னு அஞ்சு நிமிஷம் சொன்னேனே. உனக்குக் காட்டணும்னா வெட்டித்தான் காட்டணுமா?"

ஹாங்க் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். இப்போது ஊர் முழுக்க இதே கதைதான். கடையில், தபால் நிலையத்தில், எல்லோரும் மார்லீனிடம் வந்து தாங்கள் ஆதரவாகப் போட்டதைச் சொல்கிறார்கள். பாவமன்னிப்பு கேட்க வருவது மாதிரி. அவர் மன்னிக்கும் மனநிலையில் இல்லை.

நானும் கேட்டுப் பார்த்தேன். அடுத்த நாள் பஸ் கொட்டகைக்குப் போய், அது என் தப்பு என்றேன்.

"நீ புத்தகத்துல இருந்ததைச் சொன்ன," என்றார் டயரில் காற்று பார்த்துக்கொண்டே. "கார்டைத் தூக்குனது என் கை. கதவைச் சாத்தினப்புறம் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா பெவர்லி நின்னது தெரிஞ்சிருக்கும். நான் நாற்காலியைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கல." பிறகு நிமிர்ந்தார். "அதுக்காக உன் மேல கோவம் இல்லைன்னு நினைக்காத. இருக்கு. போ, வேலையைப் பாரு."

ஜூன் மூன்றாம் வாரம் இரண்டு நாள் மழை. மார்லீனின் நிலவறையில் பதினோரு அங்குலம் தண்ணீர். ரான் சொன்னபடியே வடிகால் குழாய் போட்டிருந்தார். அதில் தண்ணீர் நிரம்பி வழிந்து, புல்தரையில் ஒரு வாய்க்காலே உண்டாகிவிட்டது.

மரக் காவலர் பதவிக்கு ஒவ்வொரு வருஷமும் ஜூலை ஒன்றாம் தேதிக்குள் மறுபடி உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு படிக்கட்டின் அடியில் நின்றிருந்தார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஈரத்தில் ஊறிய அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கி வைத்தார். நானும் நாலைந்தை வாங்கி வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

"கையெழுத்து, மார்லீன்."

"இந்த வருஷம் வேற யாரையாவது போடச் சொல்லு."

"வேற யாரும் வர மாட்டாங்க. புதுச் சட்டத்துல மூணு விண்ணப்பம் வந்து கிடக்கு. காவலர் பார்த்துப் பதில் சொல்லணும்."

"அந்தச் சட்டம் உனக்கு வேணும்னா நீயே பார்த்துக்கோ, காலேஜு. ஊர்த் திட்டமிடல்ல பட்டம் வாங்கினவன்தானே?"

"நான் இந்த ஊர்க்காரன் இல்லையே."

"நானும் இல்லைன்னு வெச்சுக்கோ."

பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுத்துக் கரகரவென்று கத்தியது. அவர் குனிந்து குழாயைச் சரி செய்தார். படிவத்தை மேல் படியில், காய்ந்த இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை ஒன்றும் போய்விட்டது. அவர் மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதிய சட்டத்தில், கட்டுகிறவர்களைச் சமாதானப்படுத்த அவரே சேர்த்த ஒரு பிரிவு இருக்கிறது. முப்பது நாளுக்குள் மரக் காவலர் பதில் சொல்லாவிட்டால், அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று விண்ணப்பங்களில் முதலாவது பெல் தெருவிலிருந்து வந்தது. நான்கு ஓக் மரங்கள். இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. ஊர் நிர்வாகக் குழுவினர் மூவரும் ஆளுக்கொரு தடவை மார்லீனுக்கு ஃபோன் செய்துவிட்டார்கள். அவர் எடுக்கவில்லை. காலையும் மாலையும் நான்காம் நம்பர் மட்டும் நேரம் தவறாமல் டவுன் ஹாலைத் தாண்டிப் போகிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு பஸ் கொட்டகைக்குப் போய் நிற்கப் போகிறேன். இந்தத் தடவை அவரிடம் சொல்ல எந்தப் புத்தகத்திலும் எனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.